களி தின்னாத்தான் கம்பி

கரியப்பன்: எடுத்துக் குடுடி அந்தக் கம்பியை! ஜனங்க எல்லாம் வண்டியில...

வெள்ளையம்மா: முதல்ல உக்காந்து சாப்பிடுங்க, அப்புறமா...

கரியப்பன்: ...வண்டியில ஏறி உக்காந்துட்டாங்க! அந்தக் கம்பியை முன்னாடி சொருகிச் சுத்தினாத்தான் இஞ்சினே கிளம்பும். தெரியுமில்ல?

வெள்ளையம்மா: தெரிஞ்சுதானே மாமா ஒளிச்சு வெச்சேன்.

கரியப்பன்: எங்க? இந்த மாவுப் பானையிலயா?

வெள்ளையம்மா: கையை விட்டுப் பாருங்க. முழங்கை வரைக்கும் ராகி மாவோட ஸ்டியரிங் புடிங்க. தேன்கனிக்கோட்டையே சிரிக்கும்.

கரியப்பன்: பதினோரு வருஷமா டீயைக் குடிச்சிட்டுத்தான் ஓட்டறேன். களி தின்னா கண்ணு சொக்கும்டி. டிரைவருக்கு ஆகாது.

வெள்ளையம்மா: மூணு உருண்டையை முழுங்கினா சொக்கும். நான் வெச்சிருக்கறது அரை உருண்டை. கொள்ளுச் சாறு, கொஞ்சம் கீரை, ஒரு சொம்பு மோர். இதுக்கு எவனுக்குச் சொக்கும்?

கரியப்பன்: டீதான் சுறுசுறுப்பு.

வெள்ளையம்மா: அரை மணி நேரத்துக்கு. அப்புறம் ஒரு பீடி. அப்புறம் இன்னொரு டீ... எல்லாம் வெறும் வயித்துல. நேத்து உங்க சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டது யாரு? கை அப்படி நடுங்குச்சே...

கரியப்பன்: மெதுவாப் பேசு! வெளிய கேக்கும்.

வெள்ளையம்மா: கேக்கட்டும். தண்ணியாவது குடிக்கறீங்களா?

கரியப்பன்: குடிச்சா வழியில நிறுத்தணும். முப்பது பேரு பாக்க, டிரைவர் புதர் பக்கம் ஒதுங்கினா என்ன மரியாதை?

வெள்ளையம்மா: ஏத்தத்துக்கு ஏத்தம் நிறுத்தி வண்டிக்கு மட்டும் குடம் குடமா ஊத்தறீங்களே?

கரியப்பன்: அது இஞ்சின்! காஞ்சா வெடிச்சிடும்.

வெள்ளையம்மா: நீங்க?

கரியப்பன்: ...குடுடி. நேரமாச்சு.

முனிவேல்: அண்ணே! மணி ஆறரை ஆவுது. சந்தைக்காரங்க கத்தறாங்க.

வெள்ளையம்மா: வாங்க கண்டக்டரே. உங்களுக்கும் ஒரு தட்டு வெச்சிருக்கேன்.

முனிவேல்: எனக்கா...? இல்லக்கா, டிக்கெட் புஸ்தகத்தை சீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன்...

கரியப்பன்: நீயே சொல்லுய்யா இவளுக்கு. போன புதன்கிழமை அந்த யானை ரோட்டுல குறுக்க வந்தப்ப, நான் மட்டும் வண்டியைப் புளியமரத்துப் பக்கம் ஒடிக்கலைன்னா முப்பது உசிரு என்ன ஆயிருக்கும்? டீ குடிச்ச கண்ணுதானே பாத்துச்சு?

வெள்ளையம்மா: பட்டப்பகல் ரெண்டு மணிக்கு யானை.

கரியப்பன்: வந்துச்சு! வண்டியில இருந்தவங்க அத்தனை பேரும் பாத்ததாச் சொல்றாங்க. தந்தம் இத்தனை நீளம்னு ஒருத்தர் கையை விரிச்சுக் காட்டினாரு. பஸ் முதலாளி எனக்கு வேட்டி எடுத்துக் குடுத்து மரியாதை பண்ணாரு.

வெள்ளையம்மா: கண்டக்டரே, நீங்க பாத்தீங்களா யானையை?

முனிவேல்: அது... நான் பின்னாடி சில்லறை எண்ணிட்டு... தூசி வேற...

வெள்ளையம்மா: என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

முனிவேல்: என்னை விட்டுடுக்கா. நான் போயி வண்டிகிட்ட நிக்கறேன்.

கரியப்பன்: யோவ் முனிவேலு! ஏன்யா ஓடறே...? நீ என்னடி அவனை மிரட்டறே? அன்னிக்கி வீட்டுல கிடந்தவ உனக்கு என்ன தெரியும்? நிலைப்படியில நெத்தியை இடிச்சுக்கிட்டு வீங்கிப் போயி படுத்திருந்தே.

வெள்ளையம்மா: ஆமா. வீங்கித்தான் போச்சு.

கரியப்பன்: நிலைப்படி தெரியாதவ எனக்கு ரோடு சொல்லித் தர்றா! கம்பியைக் குடு. இல்லே, உங்க அண்ணன் வீட்டுக்கே உன்னை அனுப்பிடுவேன்.

வெள்ளையம்மா: அனுப்ப வேண்டாம்.

கரியப்பன்: பயமா இருக்கா?

வெள்ளையம்மா: போயிட்டே வந்துட்டேன் மாமா. அவன் வாசலை மிதிக்காதேன்னீங்க, உங்ககிட்ட சொல்லாமத்தான் போனேன். புதன்கிழமை உங்க வண்டியிலதான், முக்காடு போட்டுக்கிட்டுக் கடைசி சீட்டுல திரும்பி வந்தேன்... நெத்தியில இடிச்சது நிலைப்படி இல்லே, முன் சீட்டுக் கம்பி. யானை வரலை. உங்க தலைதான் கொஞ்சம் கொஞ்சமா ஸ்டியரிங் மேல சாஞ்சுது... சாப்பிடுங்க.