இழவு வீட்டில் பிரிட்ஜைத் தேடிய மனிதர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் நோயாளிகள் குடும்பச் சங்கத் தலைவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி அவர்களே, டயாலிசிஸ் மையத்தின் மேலாளர் அவர்களே, செவிலியர் பிளாரன்ஸ் அவர்களே, காயல்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் ஜக்கரிய்யா காக்காவின் குடும்பத்தாரே, வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை கடற்கரை முழுக்கக் கிளம்பி வந்திருக்கும் நோயாளிகளே, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர்களே! மதியம் டயாலிசிஸ் முடித்த கையில் கட்டைக்கூட அவிழ்க்காமல் சிலர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் புன்னைக்காயல் வில்பிரட்டின் வணக்கம்.

மறைந்தவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று அழைத்த, பெருமதிப்புக்குரிய ஜக்கரிய்யா அவர்களை ஊரார் முன்னிலையில் கன்னத்தில் அறைந்தவன் நான். இங்கே சிலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் இன்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி ஹில்டா இறந்தாள். ஆறு வருடம் டயாலிசிஸில் இருந்தவள். சிறுநீரகம் கெட்டால் உடம்பில் ரத்தம் ஊறாது, அதை ஊறவைக்க வாரம் ஒரு ஊசி போட வேண்டும், அந்த ஊசி பிரிட்ஜில் இருக்க வேண்டும். இதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? படுக்கை இலவசம், மெஷின் இலவசம். ஊசி என்று கேட்டால் மட்டும் ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். கைக்கு எட்டாத விலை, எப்படியோ வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் போன அன்று பிரிட்ஜில் நான்கு ஊசி மிச்சம் இருந்தது.

ஹில்டாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். மகன் மெல்வின் மஸ்கட்டிலிருந்து வந்து சேர இரண்டு நாளாகும் என்பதால் உடலை வைக்க ப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. நம் வீடுகளில் கனமான பிளக் ஒன்றுதானே இருக்கும்? அதில் பிரிட்ஜை மாட்டியிருப்போம். இழவு விழுந்தால் அதை உருவிவிட்டுப் பெட்டியை மாட்டுவோம். எல்லா வீட்டிலும் நடப்பது அதுதான். அந்த நேரம் பார்த்துத் தலையில் தொப்பியும் தோளில் நீலப் பெட்டியுமாக, முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உங்க பிரிட்ஜ் எங்கன இருக்கு? அக்காவோட ஊசி மிச்சம் இருக்கும்லா? பிளக்கை மட்டும் உருவிராதீங்க."

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? விட்டேன் ஒரு அறை! "ஏலே, பொணத்துக்கிட்ட திருட வந்தியோ?" என்று கத்தினேன். தொப்பி தரையில் போய் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, தட்டிப் போட்டுக்கொண்டார். "சரி அண்ணாச்சி. ஒரு மணி நேரத்துக்குள்ள மனசு மாறிச்சுன்னா சொல்லுங்க, தெரு முக்குலதான் நிக்கேன்" என்றார். எனக்கு மனசு மாறவில்லை. நானே போய்ப் பிளக்கை உருவினேன்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள், மெல்வின் சொன்னதால் அந்த நான்கு ஊசியையும் எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். ஏதோ தானம் செய்யப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். நான் அறைந்த அந்த மனிதர், ஜக்கரிய்யா காக்கா, அங்கே மெஷினோடு படுத்திருந்தார். ஹில்டாவுக்கு வேறு கிழமை, அவருக்கு வேறு கிழமை; அவரும் நோயாளி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்! "பிரிட்ஜ் எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். பிளாரன்ஸ் சிஸ்டரைக் கூப்பிட்டு நான்கையும் குப்பையில் போடச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த ஊசிகளை அவர் யாருக்காகக் கேட்டு வந்தார் தெரியுமா? பெரியதாழை ரெக்ஸுக்காக. ரெக்ஸுக்கு அவன் அக்காள் ஒரு சிறுநீரகம் கொடுப்பதாக இருந்தது. அதுவரை ரத்தம் ஏற்றாமல் ஊசியிலேயே ஓட்டிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்தவர் ரத்தம் உள்ளே போனால், நாளைக்கு அக்காளின் சிறுநீரகத்தையும் உடம்பு எதிர்க்கலாம் என்று பயம். ஊசி கிடைக்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு பரிசோதனை செய்தபோது அக்காளின் சிறுநீரகம் சேராது என்று வந்துவிட்டது. ரெக்ஸ் இன்றும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறான். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். அது என்னால் வந்தது.

அதன் பிறகு நான் காக்காவோடு சேர்ந்துகொண்டேன். வேறு எங்கே போவேன்?

யார் இந்த ஜக்கரிய்யா? சவுதியில், தம்மாமில் பதினொரு வருடம் வேலை. ஊர் திரும்பி, நம் துறைமுகத்தில் இறால் ஏற்றுமதிக் கண்டெய்னர்களின் குளிர் மெஷினுக்கு மெக்கானிக். மனிதர் வாயால் சொல்வதை நம்பமாட்டார், தெர்மாமீட்டர் சொல்வதைத்தான் நம்புவார். எந்த வீட்டிலும் ஊசியை வாங்கி நேராக இன்னொரு நோயாளி கையில் அவர் கொடுத்ததில்லை. சீல் பார்ப்பார், தேதி பார்ப்பார், குளிர் பார்ப்பார், பிளாரன்ஸ் சிஸ்டரிடம் ஒப்படைப்பார், டாக்டர் எழுதினால்தான் உண்டு. கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகும். அந்த மிச்சத்துக்காகவா இத்தனை வசவு வாங்கினார்? ஆமாம், அந்த மிச்சத்துக்காகத்தான்!

வேம்பார் அனுஜாவின் அப்பா முத்துச்செல்வம் இங்கே இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். மகளின் ஊசி கெட்டுவிடக் கூடாதே என்று வள்ளத்து ஐஸ் பெட்டியில் மீனோடு மீனாகப் புதைத்து வைத்துவிட்டார். ஊசி உறைந்தே போனது. காக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது என்ன சீலா மீனா? சூடு பட்டாலும் போச்சு, உறைஞ்சாலும் போச்சு!" என்று போட்டாரே ஒரு சத்தம்! நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரத்து ஊசி போயிற்றே என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

மேலாளர் அவர்களே, உங்களை மேடையில் உட்கார வைத்துவிட்டுக் கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். மையத்துக்குக் கடைசியாக ஊசி வந்து மூன்று மாதம் ஆகிறது. உங்கள் அறை வாசல் பெஞ்சில் காக்கா எத்தனை காலை உட்கார்ந்திருந்தார்? ஒவ்வொரு முறையும் என்ன பதில் சொன்னீர்கள்? மேலே எழுதியிருக்கிறோம் என்றீர்கள். எழுதியது எங்கே போனது? மருந்து அலமாரியில் இருக்க வேண்டிய ஊசியை ஒரு நோயாளி ஏன் சாவு வீட்டில் போய்க் கேட்க வேண்டும்?

போன வியாழக்கிழமை விடிகாலையில் காக்கா போய்விட்டார். எட்டு மணிக்கெல்லாம் நான் காயல்பட்டினத்தில் நின்றேன். அன்று அந்தப் பகுதியில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். அவருடைய ஊசிகள் உள்ளே பிரிட்ஜில் இருந்தன என்பது எனக்குத் தெரியும். வீடு நிறையக் கூட்டம், தண்ணீருக்குத் திறந்து திறந்து மூடுவார்கள். அனுஜாவுக்கு ரத்த அளவு ஏழுக்கும் கீழே. அவளுக்கு அவள் அம்மா சிறுநீரகம் கொடுக்க நாள் குறித்தாயிற்று. அதே டாக்டர், அதே எச்சரிக்கை. எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவரோடு எத்தனையோ வீட்டில் போய்க் கேட்டவன், அவர் வீட்டில் கேட்க முடியாமல் ஆண்கள் கூட்டத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வெட்கத்தால் இன்னொரு பிள்ளையையும் கெடுக்கப் பார்த்தேன்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காக்காவின் மகள் லுப்னா அவருடைய நீலப் பெட்டியோடு வாசலுக்கு வந்தது. "வில்பிரட் மாமா, உம்மா குடுக்கச் சொன்னாங்க. கரண்ட் போறதுக்குள்ள ஏன் கேக்கலன்னு உம்மாவுக்கு உங்க மேல கோவம்." காக்காவின் மனைவி ரஹ்மத்துன்னிஸா ராத்தா இப்போது இத்தாவில், கணவர் இறந்த பின் வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் காலத்தில், இருக்கிறார்கள், இந்தக் கூட்டத்துக்கு வர முடியாது. ராத்தா, நீங்கள் கோபப்பட்டது நியாயம். இந்த மேடையில் இருந்து உங்களை வணங்குகிறேன்.

பெட்டியில் மூன்று ஊசி இருந்தது. அன்று மாலையே டாக்டர் பார்த்து, முதல் ஊசி அனுஜாவுக்குப் போட்டாயிற்று. அன்றிலிருந்து ஆபரேஷனுக்கு ஐந்து வாரம். மொத்தம் தேவை ஐந்து. இரண்டு குறைகிறது.

இந்த மண்டபத்துக்குள் நான் நுழையும்போது ரெக்ஸ் என் கையில் ஐஸ் வைத்த ஒரு பையைத் திணித்தான். "அண்ணாச்சி, என்கிட்ட இருந்த ரெண்டு. எனக்கு ஆனது அந்தப் பிள்ளைக்கு ஆவ வேண்டாம்" என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கணக்குச் சரியாகிவிட்டதே என்று நினைத்தேன். மேடை ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. காக்கா யாரிடம் கேட்டாலும் உயிரோடு இருப்பவனிடம் மட்டும் கேட்கமாட்டார். "அவன் உடம்புல இருக்க ரத்தத்த உறிஞ்சி இன்னொருத்தருக்கு ஊத்துன மாதிரி ஆயிரும் வில்பிரட்" என்பார்.

ஆகவே மேலாளர் அவர்களே, அந்த இரண்டு ஊசி உங்கள் அலமாரியில் இருந்துதான் வர வேண்டும். ஜக்கரிய்யா காக்காவின் பெயரால் சொல்கிறோம், திங்கட்கிழமை காலை உங்கள் வாசலுக்கு வருவோம். ஒரு மனிதர் உட்கார்ந்த பெஞ்சில் இந்த மண்டபமே வந்து உட்காரும். டயாலிசிஸ் முடிந்தவர்கள் முடிந்த கையோடு வருவார்கள். ஊசி வரும்வரை எழுந்திருக்க மாட்டோம். இரண்டு ஊசியோடும் விடமாட்டோம், எல்லோருக்கும் வர வேண்டும். இழவு வீட்டில் போய்க் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும்வரை நாங்கள் கேட்போம். சம்மதமா? கையைத் தூக்குங்கள். கட்டுப் போட்ட கையையும் தூக்குங்கள், நன்றாகத் தெரியட்டும்!

ரெக்ஸ், நீ கையை இறக்கிட்டு மேடைக்கு வாலே. இந்தா, உன் பை. உன்கிட்ட இருந்து நான் ஒரு தடவ எடுத்தது போதும். ஐஸ் கரையறதுக்குள்ள வீட்டுக்கு எடுத்துட்டுப் போ.