சுத்தமாயிருந்தபோதே

உட்காரச் சொன்னதற்கு நன்றி, சார். ஜெபத்தில் முழங்காலிட்டு முழங்காலிட்டு மூட்டு தேய்ந்துவிட்டது. கடலூரில் ஒரு சின்னச் சபைக்கு நான் உபதேசியார். ஆராதனையில் பாட்டைத் தொடங்குவதும் நான்தான்.

தங்கராசுவைப் பற்றித்தானே கேட்டீர்கள். சாராயம் குடித்து, மனைவி சௌந்தரத்தை அடித்துத் துரத்தியவன். போன வருடம், அறுபத்து மூன்றில், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் கோவிலுக்கு வந்தான். அன்று நான் மனாசே ராஜாவைப் பற்றிப் பேசினேன். எருசலேமைக் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பியவன், விலங்கோடு கிடந்து மன்றாடினான். ஆண்டவர் அவனைத் திரும்பவும் அரியணையில் உட்கார வைத்தார். அவன் பலிபீடத்தைச் செப்பனிட்டான். இதைக் கேட்டுத் தங்கராசு பீடத்தண்டை விழுந்து அழுதான். குடியை விட்டான். சௌந்தரம் திரும்பி வந்தாள்.

பிறகு பாட ஆரம்பித்தான். மனந்திரும்புதலின் சங்கீதத்தை அவன் பாடினால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்துகூட ஆள் வரும். அழாதவர் கிடையாது.

போதகர் என்னைக் கூப்பிட்டார். "இனிமே தங்கராசே பாட்ட ஆரம்பிக்கட்டும், உபதேசியாரே. நீங்க செத்த ஓய்வா இருங்க."

எனக்கு அதில் வருத்தமில்லை. அவன் ஆத்துமாவைப் பற்றித்தான் கவலை. சாலொமோன் ராஜா, ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்து, கைகளை விரித்து ஜெபித்தவன். வயதான பிறகு அந்நிய தேவர்களுக்கு மேடை கட்டினான். பிரதிஷ்டை நாளிலேயே ஆண்டவர் அவனை எடுத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

தை மாதம் நாங்கள் இருவரும் சிதம்பரத்தில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போனோம். பாடி முடித்தபோது அவன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. திரும்பும் வழியில் புவனகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெள்ளாற்றில் குளிக்கலாம் என்றேன்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க அய்யா."

"நான் புடிச்சிக்கிறேன், வா."

தண்ணீர் மார்புக்கு வந்ததும், "போதுங்க, காலு நிக்கல" என்றான். ஆசீர்வதிப்பதுபோல அவன் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்தேன். அழுத்தினேன். சுத்தமாயிருந்தான். சுத்தமாகவே அனுப்பினேன்.

என் கையிலிருந்த நகக் கீறல்களைச் சௌந்தரம்தான் கவனித்தாள். "அவரு திருந்தி ஒரு வருசங்கூட ஆவலியே, அய்யா. அவர என்னா பண்ணீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். கர்த்தரிடம் பத்திரமாக இருக்கிறான் என்றேன். அவள் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த ஞாயிறு அதே சங்கீதத்தை நான் பாடினேன், சார். அவனைவிடச் சுதி சுத்தமாக. ஒருவர் கண்ணிலும் நீர் வரவில்லை. அந்தச் சபையாரின் இருதயம் அவ்வளவு கடினப்பட்டுவிட்டது.