அட்டூக்காரனோடு ஆறு நாள்

நான் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கடலில் இறங்குவேன். அன்றைக்கும் தேங்காயோடு பிசைந்த மாசிக் கருவாட்டை வைத்து மூன்று ரோஷி ரொட்டி சாப்பிட்டேன். மனம் கலங்கிப் போயிருந்தேன் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது, சார்ஜென்ட். அதற்காகத்தான் சொல்கிறேன்.

முக்குளிக்க வரும் விருந்தினர்களை இறக்குவதற்கு முன் நாங்கள் குதித்து, பவளத்திட்டுகளுக்கு இடையே உள்ள கடல்வாயில் நீரோட்டம் எப்படி என்று பார்த்துவருவோம். பதினோரு வருடம் அதை நான் தனியாகவே செய்தேன். நெஞ்சில் உபரியாக ஒரு குட்டி காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டால் போதும், யார் தயவும் வேண்டாம். ஒரே ஒருமுறை, முன்பின் தெரியாத ஒருவனை நம்பி முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். செத்துப் பிழைத்து மேலே வந்தால், அவன் தோணியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

முதலாளியம்மா ஷஹீதாவுக்கு இது புரியாது. "தனியா குதிச்சதெல்லாம் போதும் ஷகீப். இனிமே ரெண்டு பேராத்தான் இறங்கணும்" என்று சொல்லி, தெற்குக் கோடித் தீவான அட்டூவிலிருந்து ரஃபீயுவைக் கூட்டிவந்தார். தோணி ஓட்டும் மூஸா சும்மா இருப்பாரா? "அட்டூக்காரன் வாயால பேசினாலே நமக்குப் புரியாது. தண்ணிக்குள்ள கையால பேசப்போறானாம்!"

ரஃபீயு எல்லோரையும் முந்திக்கொண்டு சிரித்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் பத்து மீட்டரில், காற்று தீர்ந்துவிட்டது என்று கழுத்தில் கையை வைத்து இழுத்துக் காட்டினேன். என் சிலிண்டரில் முக்கால்வாசி இருந்தது. புது ஆட்கள் இந்த இடத்தில் திருதிருவென விழிப்பார்கள். இவன் கண்ணிமைக்கும் முன் தன்னுடைய உபரிக் குழாயை என் வாயில் வைத்தான். இத்தனை வேகம் எங்கிருந்து வந்தது? யாரோ முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். மறுநாளும் காட்டினேன். மறுநாளும் கொடுத்தான்.

மேலே வந்ததும், "என்ன பேபே, தினமும் காத்து தீந்து போகுது? சிலிண்டர்ல ஓட்டையா, இல்ல நுரையீரல்லயா?" என்றான். தோணியே சிரித்தது. பேபே என்றால் அண்ணன். அந்த உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது? அன்றிலிருந்து அவன் என்னோடு கணக்குத் தீர்க்கக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆறாம் நாள் நீரோட்டம் கீழ்நோக்கி இழுத்தது. இருபத்தெட்டு மீட்டரில் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது அவன் கழுத்தில் கையை இழுத்துக் காட்டினான். பழிக்குப் பழியாக என்னைச் சோதிக்கிறான் என்று நினைத்தேன். நேற்று உங்களிடம் சொன்னது அதுதான். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. அவன் குழாய் வெடித்துக் காற்று கொட்டியதை, அவன் கை தூக்குவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

குட்டி சிலிண்டர் என் நெஞ்சில்தான் இருந்தது, நிறைய. நான் உள்ளங்கையை நீட்டி, பொறு என்று காட்டினேன்.

பொறுத்தான், சார்ஜென்ட். மேலே பாய்ந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். என் கண்ணையே பார்த்துக்கொண்டு, பாறையை விடாமல் பொறுத்தான். கொட்டிய காற்று நின்றது. ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டினான். நான் தண்ணீரை ஒரு உதை உதைத்துப் பின்னால் நகர்ந்தேன். அவன் பிடி தளர்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே ஷஹீதாவிடமும் சொல்லிவிடுங்கள்: முன்பின் தெரியாதவனை அந்த அளவுக்கு நம்புகிற ஆளை இனிமேல் என்னோடு கடலில் இறக்க வேண்டாம்.