ஏரியில் எடுத்த படம்

காப்பி நன்றாக இருக்கிறது ஐயா. காவல் நிலையத்தில் இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

இந்தப் பிரய்லா ஊரில் வெகுகாலமாகப் புகைப்பட வகுப்பு நடத்துகிறவன் நான். சொல்லித்தந்தது எல்லாம் அடிப்படை விதிகள்தான். சட்டகத்தை மூன்றாகப் பிரி. ஆளை நடுவில் நட்டுவைக்காதே, மூன்றிலொரு பங்குக் கோட்டில் நிறுத்து. கண்ணை உறுத்துவதை அகற்று.

என் மனைவி இலிங்காவின் தம்பி ஹோரியாவுக்கு விதியே கிடையாது. யாராக இருந்தாலும் நடுவில் நிறுத்தி, பட்டென்று எடுத்துவிடுவான். போன இலையுதிர்காலக் கண்காட்சியில் அவன் படங்களுக்கு முன்னால்தான் கூட்டம்.

"அத்தான், சூரியன்கூட உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் உதிக்கணுமா? விடுங்க, அந்த விதியெல்லாம் செத்து புல்லு முளைச்சாச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இலிங்காவும்தான்.

பிறகு வகுப்புக்கு யாரும் வரவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். கேமராவைத் தூக்கினால் எதுவும் படமாகக் கூடவில்லை. என் கண் அவிந்துபோய்விட்டதோ என்று நடுங்கினேன். ஒரே ஒரு படம் போதும் என்று கெஞ்சினேன், யாரிடம் என்று தெரியாமலே.

ஜனவரியில் ஏரி உறைந்தது. ஹோரியாவைக் கூப்பிட்டேன். உன் முறையில் ஒன்று, என் முறையில் ஒன்று, ஊர் பார்த்துச் சொல்லட்டும் என்றேன். ப்ளம் சாராயக் குப்பியோடு சந்தோஷமாக வந்தான்.

ஏரியின் இடது பக்கம் அடியில் ஊற்று உண்டு. அங்கே பனி அப்பளம்போல மெலிசு. யாரும் போகாதிருக்க மீனவர்கள் நாணல் கட்டுகளை நட்டிருந்தார்கள். அவை சட்டகத்தில் உறுத்தின. அவன் வருவதற்கு முன்பே பிடுங்கிப் போட்டேன்.

"இங்க நிக்கவா, அத்தான்?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

"இன்னுமா? இப்படியே எல்லை தாண்டி பல்கேரியாவுக்கே போயிடுறேன்."

"கொஞ்சம்தான், ஹோரியா."

பெரிய சத்தம் இல்லை. துணி கிழிகிற மாதிரிதான் கேட்டது. பனியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, "அத்தான், கயிறு... கயிறு" என்றான். கயிறு காரில் இருந்தது. கார் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, சாய்வாக வெளிச்சம் விழுந்தது. அவன் கை சரியாக மூன்றிலொரு பங்குக் கோட்டின் மேல் வந்தது. படம் எடுத்தேன். அந்தக் கை உள்ளே போகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

இலிங்கா என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். அந்தப் படத்தை ஒரு தடவை காட்டுங்கள், அவளுக்குப் புரிந்துவிடும். அவன் சாகவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாணலைப் பிடுங்கியது நான். அங்கே நிற்கச் சொன்னது நான். கயிற்றை எடுக்காததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ, போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பத்திரிகைக்குப் படத்தைக் கொடுத்தால் ஓரங்களை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்டினால் ஹோரியா நடுவில் வந்துவிடுவான்.