டச்சு கடல் கடந்தது, தெலுங்கு வாசல் கடக்கவில்லை

அவையை அன்பால் ஆளும் தலைவர் சோலைச்சாமி ஐயா அவர்களே! பட்டாசு மருந்துக் கையைக் கழுவிவிட்டு, பசியோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! "சுருக்க முடிங்க" என்று கண்ணாலேயே சொல்லும் பின்வரிசைப் பெரியோர்களே! தாயில்பட்டி நூலக ஆண்டு விழாவில் பெத்தணனின் பணிவான வணக்கம்.

"டச்சும் தெலுங்கும் எங்கெங்கே பேசப்படுகின்றன" என்று தலைப்புக் கொடுத்துவிட்டார் தலைவர். பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்கும் டச்சுக்கும் என்ன சம்பந்தம்? என் ஒரே மகள் ஐஸ்வர்யா ஆறு ஆண்டுகளாக நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அதுதான் சம்பந்தம்.

டச்சு பேசுவோர் ஏறத்தாழ இரண்டரைக் கோடி. தெலுங்கு பேசுவோர் எட்டுக் கோடிக்கு மேல்! ஆனால் அந்தச் சின்ன மொழி எங்கே இல்லை? நெதர்லாந்தில் உண்டு. பெல்ஜியத்தின் வடக்கில் உண்டு. கடல் கடந்து, தென் அமெரிக்கச் சுரிநாமில் பள்ளியிலும் கோர்ட்டிலும் உண்டு. பக்கத்துத் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் நூறாண்டுக்கு மேல் ஆண்டார்களே, அங்கே உண்டா? இல்லை! கப்பலில் வந்தது, கப்பலிலேயே போய்விட்டது. தெலுங்கோ, ஆந்திரமும் தெலங்கானாவும் போதாதென்று கலப்பையோடு நம் கரிசலுக்கு வந்தது. வந்தது, வாழ்ந்தது, இன்றும் நம் அடுப்படியில் இருக்கிறது.

என்ன பொன்மணி, சிரிக்கிறாய்? "எங்க வீட்லயும் அப்படித்தான் மாமா" என்கிறாயா? வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். அது நம் வழக்கம். இரண்டும் நமக்குத் தாய்ப்பால்தான். ஆனால் நான் ஒரு தப்புச் செய்தேன். பள்ளியில் யாரோ கேலி செய்தார்கள் என்று மகள் அழுதுகொண்டு வந்தாள். "ஏ பிள்ள, வெளியாளு காதுல நம்ம பேச்சு விழக் கூடாது" என்று அதட்டினேன். சொல் தட்டாத பிள்ளை! பக்கத்தில் யார் இருக்கிறார்களோ என்று, போனிலும் இன்றுவரை தமிழ்தான். வீட்டில் "நாயனா" என்று கூப்பிட்டவள், ஆறு ஆண்டாக "அப்பா" என்கிறாள். அப்பா என்பது குறைந்த சொல்லா? இல்லவே இல்லை. ஆனாலும் அந்த "நாயனா"வுக்கு என் காது ஏங்குகிறது.

போன செவ்வாய்க்கிழமை, கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறேன். போன் வந்தது. "அப்பா, பஸ்ல சுரிநாம்காரம்மா ஒருத்தவுக டச்சுல சத்தமாப் பேசிச் சிரிச்சுக்கிட்டு வந்தாக. அம்புட்டுக் கடல் தாண்டி வந்தும், அவுக பேச்சு அவுகளுக்கு ஊரெல்லாம் கிடைக்குது. நம்ம வீட்டுப் பேச்சை நான் எங்கன போயிப்பா பேச?" என்றாள். என்னைச் சுற்றிலும் ஆட்கள். "அப்புறம் பேசுவோம்மா" என்று வைத்துவிட்டேன். படுபாவி நான்! அன்றோடு அவள் கூப்பிடவே இல்லை.

எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியில், என் மகளோடு பேச ஒரு நாதி இல்லையா? பெற்றவன் நான் எதற்கு இருக்கிறேன்? இந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும் முன் நானே அவளைக் கூப்பிட்டேன். இதோ, முன்வரிசையில் என் மனைவி வெள்ளைத்தாய் கையில் இருக்கும் போனில் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சபையோர் பொறுத்தருள வேண்டும். இத்தனை பேர் முன்னால், வாழ்நாளில் முதல் முறையாக, நம் வீட்டுத் தெலுங்கில் சொல்கிறேன்:

"அம்மாயி, மாட்லாடு. நேனு விண்டுண்டா."

பேசு தாயி, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். வேறொன்றும் இல்லை. கை தட்டாதீர்கள்! கொஞ்சம் அமைதி. வெள்ளைத்தாய், அந்தப் போனை இந்த மைக்கிட்ட கொண்டா.

"நாயனா…"

கேட்டதா? பின்வரிசைக்கும் கேட்டதா? தலைவர் ஐயா, மன்னிக்கணும், இதற்கு மேல் எனக்கு மேடையில் பேச்சு வராது. மகள் காத்திருக்கிறாள், போய்ப் பேசுகிறேன். பொறுமையாய்க் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்!