பெயரில்லாப் படத்தைக் கண்டு பதறிய பெருந்தகைக்கு

இண்டு இடுக்கில் ஒளிந்த இரும்பு ஊசியையும் விட்டுவைக்காத எச்சரிக்கையாளரே! குறுகிய குழாய்க்குள் படுத்துக் குலைநடுங்கியவர்க்கெல்லாம் குரலாலேயே தெம்பூட்டிய கோமானே! ஸ்கேன் அறையின் செல்வமே, எங்கள் அன்பு அண்ணனே! வணக்கம்.

காந்த ஸ்கேன் கருவியின் கடகட ஓசைக்கு நடுவே கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்ணும் கருத்துமாகப் பணியாற்றினீர்கள். உள்ளே போகிறவர்களிடம் சாவி, சில்லறை, தோடு, பல்செட் என்று கேட்டுக் கேட்டு வாங்கி வைத்தீர்கள். தலைமை மருத்துவரையே ஒருநாள் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி வாசலில் நிறுத்தினீர்கள். படம் மயிரிழை மங்கினாலும் மறுபடி எடுக்க வைக்கும் உங்கள் பார்வையைப் போற்றி, 'கழுகுக் கண்ணரே' என்று இந்தப் பிரிவு உபசார மடலுக்கு ஒரு பத்தியை முன்னமே எழுதி முடித்திருந்தோம். போன வாரம் அந்தப் பத்தி எங்கள் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

சர்க்கரை நோயால் கண் பழுதுபட்டவர்களின் மூளை எப்படி இயங்குகிறது என்று நம் துறை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் சிலரும் தேவைப்பட்டனர். ஓய்வுபெறும் முன் நானும் ஒருமுறை படுத்துப் பார்க்கிறேனே என்று முன்வந்தீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை என்றதும், "எனக்கெதுக்குப்பா அதெல்லாம்? கல்லு மாதிரி இருக்கேன்" என்றீர்கள். ஊரையே சோதித்து உள்ளே விட்டவரை, நோயில்லாதவர் பட்டியலில் சேர்த்து, சோதிக்காமலே நாங்கள் உள்ளே விட்டோம்.

பெயரை மறைத்து எண் மட்டும் இட்ட படங்கள் திரையில் வந்தன. ஒன்றைக் கண்டு நீங்கள்தான் நிறுத்தச் சொன்னீர்கள். "பின்மண்டையில பார்வைக்கான இடம் எவ்வளவு சோர்ந்து கிடக்கு பாருங்க! யாரு பெத்த பிள்ளையோ, உடனே கண் டாக்டர்கிட்ட அனுப்புங்க."

எண்ணுக்குரிய பெயரைத் திறந்தோம். உங்கள் பெயர்!

ஐயோ அண்ணனே! பிழையோ என்று எண்ணை மூன்று முறை சரிபார்த்தோம். "படத்தை மட்டும் வச்சு எதையும் சொல்லிட முடியாது" என்று மருத்துவர் தேற்றினார். அன்று மாலையே கண்ணில் மருந்து விட்டுப் பார்த்தால், இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தக் கசிவு! சர்க்கரையோ எக்கச்சக்கம்! அண்ணியார் வராந்தாவில் அழுதபடி சொன்னார்: "சாயங்காலமானா படியில தடுக்குறாருங்க. கேட்டா, கொத்தனார் படியைச் சரியாக் கட்டலைங்கிறார்."

'கழுகுக் கண்ணரே' என்பதை அடித்துவிடலாமா என்று எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். அடிக்கவில்லை. தன் கண்ணுக்கு வந்த கேட்டைத் தானே முதலில் கண்டுபிடித்தவரை வேறெப்படி அழைப்பது?

இப்போதாவது தெரிந்ததே, பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் கண் மருத்துவர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, சிகிச்சைக்குச் சாக்குச் சொல்லாமல், அண்ணியார் கைபிடித்து அந்தப் படிகளில் நெடுங்காலம் ஏறி இறங்குவீர்களாக!

இம்மடலைப் பெரிய எழுத்தில் அச்சிடலாம் என்றார் ஒருவர். மறுத்துவிட்டோம். எழுத்து இதே அளவில்தான் இருக்கும். இன்று நாங்கள் வாசிக்கிறோம். சிகிச்சை முடிந்து வந்து, இதே அறையில் நின்று, நீங்களே ஓர் எழுத்து விடாமல் எங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இங்ஙனம்,
உங்களைச் சோதிக்காமல் உள்ளே விட்ட
ஸ்கேன் அறைத் தோழர்கள்