அமரவிளைக் கிட்டங்கியின் மேல்தளம்

மரச்சீனிக் கிழங்கு தின்றுவிட்டுக் கணக்குச் சரிபார்க்க உட்காரக் கூடாது, ஐயா. வயிறு கனத்துக் கண் சொக்கும், தப்பு கண்ணில் படாது. அமரவிளைக் கிட்டங்கியின் கணக்கைப் பார்த்த அன்று நான் வெறும் கட்டன் காப்பியோடுதான் உட்கார்ந்தேன். ஆகவே, ரெத்தினதாஸ் கவனப்பிசகாக விட்டுவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

நெய்யாற்றின்கரையில் எங்கள் கட்டட ஆபீசில் மோகனன் இன்ஜினியர். அவன் போடும் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதம். ஐம்பத்துநாலில், தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் போலீஸ் என்னைத் தேடியபோது காஞ்சிரங்குளத்தில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தேன். இடம் தெரிந்தது மோகனனுக்கும் என் மனைவி கிருபாபாய்க்கும் மட்டும். ஒன்பதாம் நாள் போலீஸ் நேராக நான் படுத்திருந்த அறைக்கே வந்தது. மனைவியை யாராவது சந்தேகப்படுவார்களா? மோகனன்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். ஐந்து மாதம் ஜெயில். ஓர் அடியில் வலது காது செவிடாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் அம்மா கையால் சோறு தின்றவன் காட்டிக்கொடுத்தானே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

வெளியே வந்ததும் முதலாளியிடம் மன்றாடி என் வேலையைத் திரும்ப வாங்கித் தந்தவனும் அவன்தான். குற்றமில்லாதவன் எதற்கு இவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கிட்டங்கி, கொப்பரை மூட்டைகளை அடுக்கி வைக்கும் கட்டடம். மேல்தளத்தைத் தாளில் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையும் பாரத்தில் எவ்வளவு தாழும் என்று கணக்கிட்டிருந்தான். மூட்டை ஏற்றுவதற்காக விட்ட ஓட்டையின் பக்கம் சதுரங்கள் பெரிதாகக் கிடந்தன. நான் அவற்றை நாலாகப் பிரித்துப் போட்டேன். அங்கே கூடுதல் கம்பி வேண்டும் என்று வந்தது. மோகனன் என் தோளில் தட்டி, "ஒனக்க கண்ணு கண்ணாக்கும் மக்கா" என்றான்.

அடுத்த தப்பு விளிம்பில் இருந்தது. நாலு பக்கமும் தளத்தைச் சுவர் இறுகப் பிடித்திருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தான். நான் போய்ப் பார்த்தேன். பழைய கருங்கல் சுவர். "இதை உடைக்கப்பிடாதுன்னு முதலாளி சொல்லிப்போட்டாரு. சும்மா மேலே உக்கார வைக்கப் போறோம்" என்றார் மேஸ்திரி சுந்தரதாஸ். பிடிப்பில்லாமல் உட்கார்ந்த தளத்துக்கு நடுவில் அவன் போட்ட கம்பி தேவையில் பாதிகூடக் காணாது.

ஆபீசுக்கு வந்து, தாளின் ஓரத்தில் அதைப் பென்சிலால் எழுதினேன். பிறகு ரப்பரால் அழித்துவிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று மையால் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தளத்தைத் தாங்கும் முட்டுக்கால்களை எடுத்துவிட்டு, மேலே மணல் மூட்டை அடுக்கும்போது, கணக்குப் போட்டவனும் சரிபார்த்தவனும் அடியில் நிற்க வேண்டும். கூலியாட்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதலாளி ஏற்படுத்தியது. அந்தப் புதன்கிழமை, முட்டெல்லாம் எடுத்த பிறகு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்கி வருகிறேன் என்று நான் வெளியே நடந்தேன். "வேகம் வா. நீ பாத்த கணக்குல்லா, எனக்கென்ன பயம்" என்று சிரித்தான் மோகனன். இடது காதில் தெளிவாகவே கேட்டது.

கடையில் நிற்கும்போதே தளம் மோகனன் மேல் இடிந்து இறங்கிவிட்டது. காப்பிக்காரி அம்மிணி இரண்டு கிளாசோடு உள்ளே போயிருந்தாளாம், ஒன்று எனக்கு. அவளை நான் எண்ணியிருக்கவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

என் மனைவி உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆமாம், காட்டிக்கொடுத்தது மோகனன் இல்லை. ஒரு ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தான் போலீசுக்குச் சொல்லிக்கொடுத்தது. வெளிய நின்னா ஒங்கள துப்பாக்கியால வெடிவச்சுக் கொன்னுபோடுவாவளோன்னு பயந்தேன். ஜெயில்ல கெடந்தா உசிராவது மிஞ்சும்லா." நான் அவளைத் திட்டவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன்.

அது எந்த ஞாயிறு என்று கேட்கிறீர்கள். புதனுக்கு முந்தின ஞாயிறு.

நடுவில் இரண்டு நாள் இருந்தது. முட்டுக்கால்களை எடுக்காதே என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் என்று கேட்பானே? ரப்பரால் அழித்ததைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? என்னை அவ்வளவு நம்பியிருந்தவன். அவன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, ஐயா. அதுவுமல்லாமல், ஒன்றரை வருஷம் ஒருவனை வெறுத்த பிறகு சட்டென்று நிறுத்துவது லேசான காரியமில்லை.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மோகனனை நான் மன்னித்துவிட்டேன்.